தலையில் அடிபட்ட குழந்தை: உடனே சிடி ஸ்கேனா, சில மணி நேரக் கண்காணிப்பா, எம்ஆர்ஐயா?

ஊஞ்சலிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவு நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடிய பெற்றோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். குழந்தை அழுது ஓய்ந்து, ஒருமுறை வாந்தி எடுத்து, இப்போது பிஸ்கட் கேட்கிறது. பணியில் இருக்கும் மருத்துவரோ, "சிடி எடுத்துப் பார்த்துவிடலாம், அல்லது சில மணி நேரம் இங்கேயே வைத்துப் பார்க்கலாம், உங்கள் விருப்பம் என்ன?" என்கிறார். வேண்டாம் என்றால் உள்ளே கசியும் இரத்தம் தெரியாமல் போய்விடுமோ என்ற அச்சமும், வேண்டும் என்றால் கதிர்வீச்சு பிற்காலத்தில் நோயாகத் திரும்புமோ என்ற அச்சமும் ஒரே நேரத்தில் எழுகின்றன. இரண்டுமே நியாயமான அச்சங்கள்தாம். ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல. எது கனம் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது. அந்த எடையைக் கணக்கிட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், குழந்தை எந்தப் பிரிவில் இருக்கிறது?

நினைவு திரும்பாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, கை கால் ஒரு பக்கம் இயங்காத குழந்தை ஆகியோருக்கு இந்த ஒப்பீடு தேவையே இல்லை. அவர்களுக்கு அந்த நிமிடமே சிடி எடுக்க வேண்டும். கதிர்வீச்சைப் பற்றி யோசித்துத் தாமதிப்பது தவறு. விழித்திருக்கும், ஏறத்தாழ இயல்பாக இருக்கும் குழந்தையைப் பற்றித்தான் தயக்கம் எழுகிறது.

இத்தகைய குழந்தைகளைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று, பெக்கார்ன் என்ற அமெரிக்கக் குழந்தைகள் அவசர சிகிச்சை ஆய்வு வலையமைப்பு நடத்தி 2009இல் வெளியிட்டது. 25 மருத்துவமனைகளுக்கு வந்த 42,412 குழந்தைகளில், உயிருக்கோ செயல்பாட்டுக்கோ கவலை தரும் மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு மட்டுமே. மூளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 60 பேர். ஆனால் சிடி எடுக்கப்பட்டவர்கள் 14,969 பேர். அதாவது மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் கதிர்வீச்சுக்கு உள்ளானது. காயம் இருந்ததோ நூறில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு.

அந்த ஆய்விலிருந்து பிறந்த விதிகள் குழந்தைகளை மூன்றாகப் பிரிக்கின்றன. மந்தமாகவோ குழப்பமாகவோ இருப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் மண்டையில் விரலால் தடவினாலே தெரியும் எலும்பு முறிவு, அதற்கு மேற்பட்ட வயதில் காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ கன்றிப்போவது போன்ற மண்டையின் அடித்தள முறிவின் அறிகுறிகள் ஆகியவை முதல் பிரிவு. இவர்களில் நூறில் நான்கு பேருக்கு மேல் தீவிரக் காயம் இருக்கும். இரண்டாவது, இடைப்பட்ட பிரிவு: 2 வயதுக்குட்பட்டவருக்கு நெற்றியைத் தவிர வேறு இடத்தில் புடைப்பு, 5 விநாடிக்குக் குறையாத நினைவிழப்பு, 3 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தது, பெற்றோரின் கண்ணுக்குக் குழந்தை இயல்பாக இல்லாதது; 2 வயதுக்கு மேற்பட்டவருக்கு நினைவிழப்பு, வாந்தி, கடுமையான தலைவலி, 5 அடிக்கு மேற்பட்ட வீழ்ச்சி. வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டதும், நடந்தோ ஹெல்மெட் இல்லாமல் மிதிவண்டியிலோ போகையில் மோட்டார் வாகனம் மோதியதும் எந்த வயதிலும் கடுமையான அடியாகவே கொள்ளப்படும். இந்தப் பிரிவில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்குத் தீவிரக் காயம் இருக்கலாம். மேற்சொன்ன எதுவுமே இல்லாத மூன்றாவது பிரிவில், சிறு குழந்தைகளில் 10,000 பேருக்கு 2 பேருக்கும் குறைவு. 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் 5 பேருக்கும் குறைவு.

"பெற்றோரின் கண்ணுக்கு இயல்பாக இல்லை" என்பது ஒரு மருத்துவ விதியின் பகுதியாகவே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். "இவன் இப்படி இருக்க மாட்டான், டாக்டர்" என்று ஒரு தாய் சொல்வது பதற்றம் என்று ஒதுக்கப்பட வேண்டியதல்ல. அது ஓர் அறிகுறி.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை தேவைப்படும் இரத்தக் கசிவை அந்த வழி தவறவிடாமல் காட்டுமா என்பது முதன்மையானது. மற்றவை அதற்குப் பின்னால்தான். அடுத்து, விடை எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்பது. மூன்றாவது கதிர்வீச்சு. நான்காவது, குழந்தையை அசையாமல் படுக்கவைக்க மயக்க மருந்து வேண்டுமா என்பது. ஐந்தாவது, ரசீதில் எழுதப்படாத செலவுகள்: படுக்கை, அலைச்சல், ஊர்த் தூரம், தேவையற்ற மறு ஸ்கேன்கள்.

சிடி ஸ்கேன்

மண்டைக்குள் புதிதாகக் கசிந்த இரத்தத்தையும் எலும்பு முறிவையும் ஒரே படத்தில், சில விநாடிகளில் காட்டும் கருவி இதைப்போல் வேறில்லை. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. துணியால் சுற்றி, தாய் பேச்சுக் கொடுத்தாலே போதும். சாயம் ஏற்றும் ஊசியும் தலைக்காயத்துக்கு வேண்டியதில்லை. முதல் பிரிவில் இருக்கும் குழந்தைக்கு இதற்கு மாற்றே கிடையாது.

இதன் விலை கதிர்வீச்சு. ஒரு தலை சிடியின் அளவு சுமார் 2 மில்லிசீவர்ட் (உடலுக்கு நேரும் கதிர்வீச்சின் தாக்கத்தை அளக்கும் அலகு). மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து உலகில் சராசரி மனிதர் ஓராண்டில் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டுக்கு அது நெருக்கமானது. இந்த ஒப்புமை மனத்தைத் தேற்றினாலும் முழு உண்மையைச் சொல்வதில்லை. இயற்கையான அளவு ஓராண்டு முழுவதும் உடல் முழுக்கப் பரவுகிறது. சிடியின் அளவு சில விநாடிகளில் தலையில் மட்டும் இறங்குகிறது. சிறு குழந்தைகளின் மண்டை எலும்புகளுக்குள் இரத்தத்தை உருவாக்கும் மஜ்ஜை மிகுதியாக இருப்பதால், தலையை மட்டும் படமெடுத்தாலும் மஜ்ஜைக்குக் கதிர் சேர்கிறது. குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. பாதிப்பு வெளிப்படுவதற்கு முன்னால் பல பத்தாண்டு வாழ்வும் காத்திருக்கிறது.

எண்ணிக்கையில் அது எவ்வளவு? 1985 முதல் 2002 வரை பிரிட்டனில் சிடி எடுத்துக்கொண்ட இளையோரை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, 10 வயதுக்குட்பட்ட 10,000 பேருக்குத் தலை சிடி எடுத்தால் அடுத்த 10 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக்கட்டியும் வரலாம் என்று மதிப்பிட்டது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியான ஆய்வும், இன்றைய அளவுகளில் சிடி எடுக்கப்படும் 10,000 குழந்தைகளில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு 12 ஆண்டுகளுக்குள் இரத்தம் சார்ந்த புற்றுநோய் வரலாம் என்கிறது.

இந்த எண்ணை மேலே சொன்ன மூன்று பிரிவுகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பிரிவில் 10,000 குழந்தைகளுக்கு 400க்கு மேற்பட்ட தீவிரக் காயங்கள். எதிரே ஓரிரு புற்றுநோய்கள். சிடிதான் சரி என்பதில் ஐயமே இல்லை. மூன்றாவது பிரிவிலோ காயமும் ஓரிரண்டு, அதிகம் போனால் ஐந்துக்குள். விதிகளைச் சரிபார்த்த கட்டத்தில், இந்தப் பிரிவில் அறுவை சிகிச்சை தேவைப்பட்ட ஒரு குழந்தைகூடத் தவறவிடப்படவில்லை. அங்கே "மன நிம்மதிக்காக ஒரு சிடி" என்பது குழந்தைக்குப் பயன் தராமல் இடரை மட்டும் கொடுப்பதாகும். நம் ஊர்களில் இந்த மூன்றாவது பிரிவுக் குழந்தைகளுக்கே பெற்றோரின் வற்புறுத்தலால் பல ஸ்கேன்கள் எடுக்கப்படுகின்றன என்பதுதான் என் கவலை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. சிகிச்சையே தேவைப்படாத மெல்லிய கோடு போன்ற முறிவையோ, அடிக்குத் தொடர்பில்லாத ஒரு நீர்க்கட்டியையோ சிடி காட்டிவிட்டால், அதைத் தொடர்ந்து பார்க்க இன்னொரு ஸ்கேன், அதன்பின் மற்றொன்று என்று சங்கிலி நீள்கிறது. சிறு ஊரில் எடுத்த படத்தின் ஃபிலிம் தெளிவாக இல்லை என்று மதுரையிலோ சென்னையிலோ மறுபடி எடுப்பதும் நடக்கிறது. அது இரட்டைக் கதிர்வீச்சு. புதிதாக எதுவும் தெரியவராத கதிர்வீச்சு.

மருத்துவமனைக் கண்காணிப்பு

இரண்டாவது பிரிவுக் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஒரே ஓர் அறிகுறி மட்டும் உள்ளவர்களுக்கு, இதுவே பெரும்பாலும் முதல் தேர்வு என்பது என் முடிவு. அடி பெரிதாக இருந்தால் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்கும். சிறிதாக இருந்தால் குழந்தை மெல்லத் தெளிந்துவிடும். ஒரு முறை வாந்தி எடுத்த குழந்தை நான்காம் மணி நேரத்தில் இட்லி தின்று விளையாடத் தொடங்கினால், கேள்விக்குப் பதில் பெரும்பாலும் கிடைத்துவிட்டது. பெக்கார்ன் குழுவின் பிந்தைய பகுப்பாய்வில், முதலில் கண்காணிக்கப்பட்ட குழந்தைகளுக்கு சிடி குறைவாகவே எடுக்கப்பட்டது; தீவிரக் காயத்தின் விகிதமோ இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

ஆனால் கண்காணிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டுதல் இடைப்பட்ட நிலையிலுள்ள குழந்தைகளை அடிபட்டதிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் பார்க்கச் சொல்கிறது. தொடக்கத்தில் அரைமணிக்கு ஒருமுறையும் பிறகு மணிக்கு ஒருமுறையும் ஒருவர் வந்து, குழந்தை கண் திறக்கிறதா, பேச்சு ஒழுங்காக உள்ளதா, கை கால் அசைவு, கண்மணிகளின் அளவு, நாடி, மூச்சு ஆகியவற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்று சொல்வது கண்காணிப்பு அல்ல. அது வெறும் காத்திருப்பு. எனவே, "யார், எத்தனை மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்? மோசமானால் சிடி இங்கேயே உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். விடை திருப்தியாக இல்லாவிட்டால் இந்த வழியின் பாதுகாப்பு பாதியாகிவிடுகிறது.

இதற்கும் விலை உண்டு. படுக்கைக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, வீட்டிலிருக்கும் இன்னொரு குழந்தையை யாரிடமாவது விட்டுவர வேண்டிய நிலை, விடியும்வரை அடங்காத பதற்றம் ஆகியவை. சிடி கருவியே இல்லாத மருத்துவமனையில், நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு மூன்று மணி நேரப் பயணம் தேவைப்படும் ஊரில், நள்ளிரவில் கண்காணிப்பைத் தேர்ந்தெடுப்பது விவேகமல்ல. அங்கே குழந்தை நலமாக இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிட்டு, கண்காணிப்பை அங்கே வைத்துக்கொள்வது மேல். இரத்தம் உறையாத நோயுள்ள குழந்தைகளும், மூளைநீரை வடிக்கக் குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளும் மேற்கண்ட விதிகளுக்கு உட்பட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு சிடியின் பக்கம் தராசு வேகமாகச் சாயும். இடைப்பட்ட பிரிவில் அறிகுறிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தாலும், குழந்தைக்கு 3 மாதம் நிரம்பாவிட்டாலும், கண்காணிப்பின்போது நிலை சரிந்தாலும் அப்படியே.

எம்ஆர்ஐ

கதிர்வீச்சே இல்லை என்பதால், "அப்படியானால் எம்ஆர்ஐ எடுத்துவிடலாமே" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அடிபட்ட இரவில் இது அவ்வளவு எளிதல்ல. வழக்கமான எம்ஆர்ஐக்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் படுக்க வேண்டும். ஐந்தாறு வயதுக்குட்பட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு அது மயக்க மருந்து இல்லாமல் நடக்காது. தலைக்காயத்தில் அதன் மறைவான விலை பெரிது: குழந்தை தெளிவாக இருக்கிறதா என்பதுதான் நம் கையிலுள்ள மிகச் சிறந்த அளவுகோல், மயக்க மருந்து அதையே மறைத்துவிடுகிறது. மயக்கவியல் மருத்துவர் வர வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும், கருவி நள்ளிரவில் இயங்க வேண்டும். செலவும் சிடியைவிடக் கூடுதல்.

சில நிமிடங்களில் முடியும் விரைவு எம்ஆர்ஐ என்ற முறை வெளிநாட்டுக் குழந்தைகள் மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 6 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் அதை மயக்க மருந்தின்றி முடிக்க முடிந்தது; சுமார் 6 நிமிடம் ஆனது. சிடி காட்டிய காயங்களில் 93 விழுக்காட்டை அது காட்டியது, தவறவிட்டவற்றில் பெரும்பாலானவை மண்டையோட்டு முறிவுகள். நிலையாக இருக்கும் குழந்தைக்கு, இந்த வசதியும் பயிற்சியும் உள்ள இடத்தில், இது நல்ல மாற்றாகும். முதல் சிடியில் கண்ட சிறு கசிவைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தால், "அடுத்த படத்தை எம்ஆர்ஐயில் எடுக்கலாமா?" என்று கேட்பது மிகப் பொருத்தமானது.

மண்டை எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. முறிவு இல்லாமலேயே இரத்தம் கசியலாம், முறிவு இருந்தும் மூளை நலமாக இருக்கலாம். ஆகவே, "எக்ஸ்ரே நார்மல், பயப்பட வேண்டாம்" என்ற சொல்லை நம்பி வீடு திரும்புவது ஆபத்தானது. கதிர்வீச்சு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, கேள்விக்குப் பதில் சொல்லாத படத்தை எடுப்பதில் பயனில்லை. குழந்தை துன்புறுத்தப்பட்டதோ என்ற ஐயத்தில் உடல் முழுவதும் எலும்புகளைப் பார்க்க வேண்டிய சூழலில் மட்டும் இதற்குத் தனி இடம் உண்டு. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைகளுக்கு அதன் வழியே அல்ட்ராசவுண்டால் மூளையைப் பார்க்கலாம். ஆனால் மண்டை ஓட்டை ஒட்டிய ஓரக் கசிவுகள் அதற்கு எளிதில் தப்பிவிடும்.

| அளவுகோல் | சிடி | கண்காணிப்பு | எம்ஆர்ஐ | எக்ஸ்ரே |
|---|---|---|---|---|
| இரத்தக் கசிவைக் காட்டுமா | மிக நன்றாக | நேரடியாக அல்ல. அறிகுறி மூலம் | நன்றாக. முறிவில் சற்றுப் பின்தங்கும் | காட்டாது |
| நேரம் | விநாடிகள் | குறைந்தது 4 மணி நேரம் | 6 நிமிடம் முதல் அரைமணிக்கு மேல் | சில நிமிடம் |
| கதிர்வீச்சு | சுமார் 2 மில்லிசீவர்ட் | இல்லை | இல்லை | சிடியைவிட மிகக் குறைவு |
| மயக்க மருந்து | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டாம் | சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் வேண்டும் | வேண்டாம் |
| மறை செலவு | தற்செயல் கண்டுபிடிப்பு, மறு ஸ்கேன் | படுக்கை, தூக்கமில்லா இரவு | நிலையை மறைக்கும் மயக்கம், காத்திருப்பு | பொய்யான நிம்மதி |
| ஏற்ற சூழல் | முதல் பிரிவு. நிலை மோசமாகும் குழந்தை | ஒரே அறிகுறியுள்ள இரண்டாம் பிரிவு | தொடர் ஸ்கேன். விரைவு முறை உள்ள இடம் | மிகச் சில |

சிடி என்று முடிவானால்

முடிவான பின் தயங்காதீர்கள். ஆனால் எடுக்கும் முறையில் கதிர்வீச்சைக் குறைக்க இடமுண்டு. பெரியவர்களுக்கான அமைப்பிலேயே குழந்தைகளுக்கும் சிடி எடுக்கப்படுகிறது என்பது 2001இல் வெளியான அமெரிக்கக் கட்டுரைகளால் வெளிச்சத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த அக்கறையில், குழந்தைக் கதிரியக்க மருத்துவர்கள், டெக்னீசியன்கள், மருத்துவ இயற்பியலாளர்கள் ஆகியோரின் அமைப்புகள் சேர்ந்து 2008 ஜனவரியில் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற இயக்கத்தைத் தொடங்கின. குழந்தையின் உடலுக்கேற்ற அளவில், தேவையான பகுதியை மட்டும், ஒரே ஒரு முறை படமெடுப்பது என்பதே அதன் சாரம். சிறு தலைக்காயங்களுக்கு சிடி எடுக்கும் முன் யோசிக்கச் சொல்லும் தனிப் பிரசாரத்தையும் அந்த இயக்கம் நடத்தியது.

ஆகவே டெக்னீசியனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "குழந்தைகளுக்கான செட்டிங்கில்தானே எடுக்கிறீர்கள்?" ஸ்கேன் முடிந்ததும் கருவி தரும் கதிர்வீச்சு அறிக்கையில் மில்லிகிரே என்ற அலகில் ஓர் எண் இருக்கும் (இது மேலே சொன்ன மில்லிசீவர்ட்டிலிருந்து வேறான அலகு; இரண்டையும் ஒப்பிட வேண்டாம்). ஐரோப்பிய வழிகாட்டுதல் தலை சிடிக்கு ஒப்புநோக்கு அளவாக 3 மாதம் முதல் ஒரு வயது வரை 28, 1 முதல் 6 வயது வரை 40, அதற்கு மேல் 50 என்று தந்திருக்கிறது. உங்கள் குழந்தையின் எண் இதைவிடச் சற்றுக் கூடினால் அஞ்ச வேண்டாம், இவை தனி ஒருவருக்கான வரம்புகள் அல்ல. இருமடங்காக இருந்தால் கதிரியக்க மருத்துவரிடம் காரணம் கேட்கலாம். இந்தியாவில் சிடி கருவியை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. அது இருக்கிறதா என்று விசாரிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஈயக் கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். குழந்தையின் இடுப்பில் கவசம் போடவில்லை என்று டெக்னீசியனோடு சண்டையிட வேண்டியதில்லை. பிறப்புறுப்புகளுக்கு வழக்கமாகக் கவசம் இடுவதைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் அறிவித்தது. தலையைப் படமெடுக்கும்போது வயிற்றை எட்டும் சிதறல் மிகச் சிறிது, அதிலும் உடலுக்குள்ளேயே பரவுவதைக் கவசம் தடுக்காது. ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பவர் கட்டாயம் அணிய வேண்டும். கருவுற்றிருக்கும் தாய் பிடிக்கக் கூடாது. அப்பாவோ சித்தியோ போகட்டும்.

வேறு மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால், ஃபிலிமோடு நின்றுவிடாமல் முழுப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டையோ அவற்றைத் திறக்கும் இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். மறு ஸ்கேனைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி இல்லை. குழந்தைக்கு எடுக்கப்பட்ட படங்களையெல்லாம் பெற்றோர் குறித்து வைப்பதற்கென்று இமேஜ் ஜென்ட்லி இயக்கம் ஓர் அட்டையையே வடிவமைத்திருக்கிறது. நம் வீட்டில் ஏற்கெனவே பத்திரமாக இருக்கும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கமே அதற்குப் போதும்: தேதி, எந்தப் பகுதி, சிடியா எக்ஸ்ரேயா, எந்த மருத்துவமனை, அறிக்கையில் இருந்த எண். அடுத்த முறை ஒரு மருத்துவர் "ஒரு ஸ்கேன் எடுக்கலாமா?" என்று கேட்கும்போது, அந்த அட்டையை அவர் கையில் கொடுங்கள்.